டிசம்பர் பக்கம்

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
4 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஒன்பது மாதமாக என் தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் இதைக் காரைக்குடியில் முத்தழகு அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். படிக்காமல் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, மானகிரி வீட்டில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்தாலும் பரவாயில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

உங்கள் மகனின் நீல அட்டை நோட்டு எனக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அவர் கடைசியாகக் கட்டிய கருவி அடுத்த மாதம் ராக்கெட்டில் போகிறது. இங்கே குளிர்கால வானத்தில் பச்சையாக அசையும் துருவ ஒளியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயரத்திலிருந்து எலக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகள் வழியே இறங்கிக் காற்றில் மோதும்போது உண்டாகும் ஒளி அது. அவை இறங்கும் வழியில் மின் அலைகளும் எழுகின்றன. எலக்ட்ரான் அலையை எழுப்புகிறதா, அலை எலக்ட்ரானைத் தள்ளுகிறதா? அவரும் நானும் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. எங்கள் ராக்கெட் சிறியது. துருவ ஒளிக்குள் நுழைந்து, பத்து நிமிடம் அளந்துவிட்டு, பனிக்காட்டில் விழுந்துவிடும். அலையைக் கேட்கும் கம்பிகள் என் பொறுப்பு. எலக்ட்ரான்களை எண்ணும் கருவி அவருடையது.

அந்தக் கருவிக்குள் பதினாறு சிறு தகடுகள் வட்டமாகப் பதிந்திருக்கின்றன. எலக்ட்ரான் எந்தத் தகட்டில் விழுகிறதோ, அதை வைத்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆனால் எந்தத் தகடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற வரைபடம் கணினியில் இல்லை. "நோட்டைப் பார்க்க" என்று ஒரு வரி மட்டும் எழுதிவைத்திருக்கிறார். கருவியைத் திறந்து பார்க்கவும் முடியாது. ராக்கெட்டின் தலைப்பகுதியோடு சேர்த்துப் பூட்டி முத்திரை வைத்தாகிவிட்டது. முழுதாகக் கழற்றி எடுக்கலாம், ஆனால் உள்ளே திறந்தால் மறுபடி சோதித்து மூட மாதக்கணக்காகும்.

நோட்டு அவரோடுதான் ஊருக்கு வந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

கீர்த்தி

*

மானகிரி
8 ஜனவரி 2025

கீர்த்திக்கு,

உன் கடிதம் வந்தது. முத்தழகு தான் படிக்கவில்லை என்றாள். படித்தவளுக்குத்தான் அவ்வளவு அவசரமாக அதைச் சொல்லத் தோன்றும். இந்தப் பதிலையும் அவள் வழியாகத்தான் அனுப்புகிறேன்.

"இதில் மறைக்க ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

வேல்பாண்டியின் தலைக்குள் கட்டி இருப்பது 2023 ஆகஸ்டில் உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது 2024 பிப்ரவரியில், மதுரை மருத்துவர் வாயால். இடையில் ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ என்னோடு பேசினாய். "வேலை ஜாஸ்தி அத்தை, இப்பத்தான் படுத்தார்" என்றாய். மழை பெய்ததா என்று விசாரித்தாய். பிறகு அவனைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்பினாய். நீ வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் பெட்டியோடு நின்றாய். நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. பதினாறாம் நாள் அவனுடைய வேட்டி, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரத்தோடு அதையும் படையல் பெட்டியில் வைத்து மஞ்சள் நூலால் கட்டினோம். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஆண்டுத் திதியன்றுதான் அந்தப் பெட்டி அவிழும். உன் மாமனார் இறந்தபோது புதுவயல் அரிசி ஆலையின் சாவி தவறுதலாக உள்ளே போய்விட்டது. அப்போதும் அவிழ்க்கவில்லை. ஆலையின் பூட்டை உடைத்துப் புதிது போட்டார்கள்.

திதி பங்குனியில் வருகிறது. அதன் பிறகு தருகிறேன்.

அனுசுயா பெரியகருப்பன்

*

ஃபேர்பேங்க்ஸ்
11 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

பங்குனியில் பயன் இல்லை. பிப்ரவரி பதினெட்டு முதல் மார்ச் நான்கு வரைதான் எங்களுக்குக் கொடுத்திருக்கும் நாட்கள். அதற்குள் ஏவியாக வேண்டும். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி கடைசி ஆய்வு. அன்று வரைபடம் என் கையில் இல்லையென்றால் அவர் கருவியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே எடையுள்ள ஓர் அலுமினியக் கட்டியைத் திருகிவைப்பார்கள். ராக்கெட் தள்ளாடாமல் சுழல்வதற்கு எடை இருந்தால் போதும். அது எலக்ட்ரானை எண்ணுகிறதா என்று ராக்கெட்டுக்குக் கவலையில்லை. என் கம்பிகள் அலையைக் கேட்கும். அந்த இரைச்சலை யார் எழுப்பியது என்று சொல்ல ஆள் இருக்காது.

அந்த அலுமினியக் கட்டியை நான் பார்த்துவிட்டேன். முன்னெச்சரிக்கையாக இப்போதே கடைந்து வைத்திருக்கிறார்கள். அலமாரியில் இருக்கிறது.

மறைத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆகஸ்டில், மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் சொன்னார்: "அம்மாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே பொறப்பட்டு வந்துரும். வந்துட்டா நான் நோயாளியா மட்டும்தான் இருக்கணும். எனக்கு இன்னும் வேலை இருக்கு கீர்த்தி." நான் சரி என்றேன். அந்தச் சரியைத்தான் ஞாயிறுதோறும் உங்களிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் கருவியைத் தலைப்பகுதியில் பொருத்தும் வேலை வந்தது. அவர் கை அதற்கு உதவாது. "நீ இருந்து மாட்டிட்டு வா, நான் முன்னால போறேன்" என்றார். மூன்று வாரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் பேச்சு நிற்பதற்குப் பதினேழு நாள்தான் இருந்தது.

நோட்டை எனக்காகக் கேட்கவில்லை.

கீர்த்தி

*

மானகிரி
16 ஜனவரி 2025

கீர்த்திக்கு,

நேற்று மாட்டுப் பொங்கல். என் கொழுந்தன் சேவுகப்பெருமாள் தொழுவத்தில் பொங்கல் வைத்துவிட்டு உள்ளே வந்தபோது நான் படையல் பெட்டியைக் கூடத்தில் எடுத்து வைத்திருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன மதினி இது? வருசம் திரும்பாமப் பெட்டியத் தொடுறதா? அண்ணன் போனப்ப ஆலைச் சாவிக்கே அவுக்கலையே!"

"சாவிக்குப் பதில் புதுப் பூட்டு கிடைச்சது தம்பி. இதுக்கு என்ன கிடைக்கும்?"

"கான்வெண்டுல படிச்சவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல? அவுத்துக்கங்க. நாளைக்கு இந்த வீட்டுல ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கேக்காதீக."

அடுப்படியிலிருந்து, சமையலுக்கு இருக்கும் சின்னத்தாயி கரண்டியோடு வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "இனிமே என்னங்கய்யா ஆகப்போகுது இந்த வீட்டுல? ஆக வேண்டியதெல்லாம் ஆயிப்போச்சே" என்றாள்.

நான் முடிச்சோடு போராடுவதைப் பார்த்த கொழுந்தன், "நகருங்க மதினி. நான் போட்ட முடிச்சு, ஒங்களுக்கு வராது" என்று உட்கார்ந்து அவரே அவிழ்த்தார். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேட்டியை நான் தொடவில்லை.

அவன் கையெழுத்தைப் படம் எடுத்து ஊர் ஊராக அனுப்ப எனக்கு மனமில்லை. நானே படியெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை இருக்காது.

நீ ஒரு வரைபடம் கேட்டாய். இருப்பவை இரண்டு. ஒன்று 2023 அக்டோபர் 11 அன்று வரைந்தது. வட்டம், பதினாறு கட்டங்கள், எண்கள் கடிகார முள் போகும் திசையில் போகின்றன. கோடுகள் திருத்தமாக இருக்கின்றன. மற்றது டிசம்பர் 19 தேதியிட்டது. அதே வட்டம்தான், ஆனால் எண்கள் எதிர்த்திசையில் போகின்றன. வட்டம் கோணலாக இருக்கிறது, மூன்று இடத்தில் அடித்து எழுதியிருக்கிறான்.

பள்ளியில் பூத்தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், நாங்கள் முடித்த துணியை முதலில் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்தில் வலது கைப்பக்கம் போகும் கொடி, பின்பக்கத்தில் இடது கைப்பக்கம் போகும். இந்த இரண்டு படங்களும் அப்படித்தான். ஒன்று மற்றதன் மறுபக்கம். எது முன், எது பின் என்று அறியும்படி நோட்டில் ஒன்றும் இல்லை.

அனுசுயா

*

ஃபேர்பேங்க்ஸ்
19 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் படிகள் வந்தன. பெட்டியை அவிழ்த்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. சின்ன மாமாவுக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது சின்ன விஷயம் இல்லை. வரிசை திரும்பினால் திசை திரும்பும். ஒரு வரைபடத்தின்படி வானத்திலிருந்து இறங்கும் எலக்ட்ரான், மற்றதன்படி பூமியிலிருந்து ஏறுகிறது. எங்கள் கேள்வியே தலைகீழாகிவிடும்.

இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நவம்பரில் ஒரு தகடு விரிசல் விட்டு, தகடுகள் பதிந்த வளையத்தைக் கழற்றி மாட்டினார். வேறு யாரும் கூட இல்லை. முறைப்படி கடைசியாக வரைந்ததுதான் செல்லும். ஆனால் டிசம்பரில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் மருந்து கேட்டது, நன்றாக இருந்தார். டிசம்பரில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு நாள் தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டார். வலது இடது அவருக்குக் குழம்பிப்போயிருந்தது. அந்தக் கையால் வரைந்த வட்டத்தை நான் எப்படி நம்புவது?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி அக்டோபர் வரைபடத்தை மட்டும் கொடுப்பேன். இரண்டு இருக்கின்றன என்று சொன்னால் கருவியைக் கழற்றிவிடுவார்கள். டிசம்பர் பக்கம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். அவருடைய நல்ல கை வரைந்ததே அவர் பெயரில் நிற்கட்டும்.

கீர்த்தி

*

மானகிரி
22 ஜனவரி 2025

கீர்த்திக்கு,

கூடாது.

உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக ஒன்றை வைத்துக்கொள்ள என்னைக் கூட்டுச் சேர்க்கிறாய். இந்தக் கடிதத்தைக் கடுமையாக எழுத நேற்றே உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

டிசம்பர் படத்துக்கு அடுத்த பக்கத்தில் தமிழில் சில வரிகள் இருக்கின்றன. அவற்றை நான் படியெடுக்கவில்லை. நோட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பொய். எழுத்து வரியை விட்டு இறங்கிப் போகிறது. ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பிலேயே கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். அதை உன் ஊர்க்காரர்கள் பார்ப்பதை நான் விரும்பவில்லை. இப்போது எழுதுகிறேன், இரட்டித்த சொல்லை மட்டும் ஒரு முறை போட்டிருக்கிறேன்:

"எண் வரிசை அக்டோபருக்கு எதிராக வருகிறது. அன்று உள்ளே இருந்து பார்த்து வரைந்தேனா? இன்று வெளியே இருந்துதானே பார்க்கிறேன்? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் தலையை நான் நம்புவதற்கில்லை. யாராவது சரிபார்க்க வேண்டும்."

அவ்வளவுதான். பிறகு வெற்றுப் பக்கங்கள்.

யாராவது சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அது ஒன்றுதான் அவன் அந்த நோட்டில் யாரிடமாவது கேட்டது. அதைப் படித்த ஒரே ஆள் நான். படித்துவிட்டு மூடிவைத்தேன். ஏழு மாதம் மறைத்தாய் என்று உன்மேல் குற்றம் சொன்ன கையால் ஒரு வாரம் மறைத்தேன். உனக்காவது அவன் கேட்டுக்கொண்டான் என்ற சாக்கு இருந்தது. அவன் என்னிடம் கேட்டது இதற்கு நேர் எதிரானது.

மூன்று பக்கத்தையும் கொடு. கருவியைக் கழற்றுவதானால் கழற்றட்டும். அலுமினியக் கட்டி எடையைத் தவிர வேறு எதையும் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் கருவியாக என் மகனுடையது போக வேண்டாம்.

முத்தழகை இன்று நோட்டைப் படமெடுக்க விட்டேன். தனியே வரும். அவன் எழுத்தையே காட்டு.

அனுசுயா

*

ஃபேர்பேங்க்ஸ்
28 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

மூன்று பக்கத்தையும் கொடுத்தேன்.

ஒன்பது பேர் இருந்தோம். எங்கள் குழுத் தலைவி அறுபதைத் தாண்டியவர், நாற்பது ராக்கெட் பார்த்தவர். கடைசிப் பக்கத்தைத் திரையில் போட்டதும், "முதலில் அவர் எழுதிய மொழியில் படி" என்றார். படித்தேன். அந்த அறையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அக்டோபர் பக்கத்தை மட்டும் கொடுக்க நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொன்னேன்.

தலைவி என்னைத் திட்டவில்லை. "கழற்றுவோமா?" என்று மேசையைச் சுற்றிக் கேட்டார். அப்போது மின்னணுப் பிரிவில் இருப்பவர் ஒருவர், வழக்கமாகக் கூட்டத்தில் வாயே திறக்காதவர், பேசினார். அதிவேக எலக்ட்ரான்கள் கீழே போனால் காற்று பெரும்பாலானவற்றை விழுங்கிவிடுகிறது, திரும்பி மேலே வருபவை மிகக் குறைவு. ஆகவே பறக்கும்போது எந்தப் பக்கத் தகடுகள் அவற்றை அதிகமாக எண்ணுகின்றனவோ, அந்தப் பக்கம்தான் வானம். வரைபடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதைத் தேடிப் பார்க்கலாம். தெரியாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

கருவி இருக்கிறது, அத்தை. கழற்றவில்லை.

ஒரு நிபந்தனை வைத்தார்கள். இரண்டு வரைபடத்துக்கும் தேதியை நீக்கி, வெறும் "ஒன்று", "இரண்டு" என்று பெயரிட்டு, எங்கள் இருவரையும் அறியாத ஒருவரிடம் கொடுப்பார்கள். எது எந்த மாதத்தில் வரைந்தது என்று அவருக்குத் தெரியாது. முடிவு வரும்வரை நான் அவர் கருவியின் கணக்கைத் தொடக்கூடாது. மனைவி என்பதால்தான். நியாயம்தான்.

கீர்த்தி

*

மானகிரி
6 பிப்ரவரி 2025

கீர்த்திக்கு,

நிபந்தனை சரியானது. உன் தலைவி ஒழுங்கான பெண்மணி.

கொழுந்தன் தினமும் வந்து, "பய எந்திரம் கெளம்பிருச்சா மதினி? இன்னுமா அங்குட்டுக் காத்துக் கெடக்குறாக?" என்று கேட்கிறார். போன வாரம் வரை பெட்டியை அவிழ்த்த பாவம் பற்றிப் பேசியவர். அவருக்கு ராக்கெட்டும் ரயிலும் ஒன்று. நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அங்கே குளிர் மைனஸ் முப்பது என்று செய்தித்தாளில் பார்த்தேன். நீ சாப்பிடுகிறாயா என்று சின்னத்தாயி கேட்கச் சொன்னாள்.

அனுசுயா

*

ஏவுதளம், ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே
1 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

போய்விட்டது. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி இரவு.

அதற்கு முன் ஒன்பது இரவுகள் வீண். ஒளி வந்த இரவில் காற்று அதிகம், காற்று அடங்கிய இரவில் ஒளி இல்லை. ராக்கெட்டைச் சுற்றித் தெர்மாகோலால் பெட்டி மாதிரி கட்டி, உள்ளே வெந்நீர்க் குழாயும் சூடான காற்றும் விட்டுக் காப்பாற்றுகிறார்கள். கிளம்பும்போது அதைப் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

பத்தாம் இரவில் வடகிழக்கில் ஒரு பச்சைக் கோடு தோன்றி, தடித்து, எங்கள் பக்கம் நகர்ந்தது. தலைவி "இப்போது" என்றார். தரை அதிர்ந்தது. தெர்மாகோல் துண்டுகள் பனியோடு பனியாகப் பறந்தன என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. திரை முன்னால் இருந்தேன். வானம் முழுக்க ஒளி ஆடியதாம், வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். அதையும் பார்க்கவில்லை.

என் கம்பிகள் விரிந்தன. ஆறாவது நிமிடம் அலைகளைக் கேட்டேன். கம்பிகள் பிடிக்கும் அலையைச் செவிக்கு எட்டும் ஒலியாக மாற்றிக் கேட்போம். முதலில் மழை தொடங்குவது போல் இருந்தது. பிறகு விசில் மாதிரி இழுத்துக்கொண்டு மேலே போனது. பக்கத்துத் திரையில் அவர் கருவியின் எண்கள் ஓடின. பதினாறு பட்டைகள். சில பட்டைகள் எகிறின, சில அசையவில்லை. எவை எகிறின என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

பத்து நிமிடம் நான்கு நொடி. பிறகு திரை வெறுமையாகிவிட்டது. அவர் கட்டியது வடக்கே, மனிதர் இல்லாத பனியில் எங்கோ விழுந்து கிடக்கிறது. அதைத் தேடிப் போக மாட்டார்கள்.

அன்றுதான் அழுதேன். போன வருடம் மானகிரியில் அழ முடியவில்லை. நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள்.

கீர்த்தி

*

மானகிரி
5 மார்ச் 2025

கீர்த்திக்கு,

கவனித்தேன். கண்ணில் நீர் இல்லாதவள் என்று உறவினர்களிடம் சொல்லவும் செய்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

எந்தப் பக்கம் வானம் என்று தெரிந்ததும் எழுது. நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே எழுது.

அனுசுயா

*

ஃபேர்பேங்க்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

இன்று மதியம் முடிவைச் சொன்னார்கள். நீங்கள் சொன்னபடி அன்றே எழுதுகிறேன்.

கணக்குப் பார்த்தவர் "இரண்டு" என்று பெயரிட்ட வரைபடம்தான் சரி என்றார். சந்தேகத்துக்கே இடமில்லையாம். அதிவேக எலக்ட்ரான்கள் ஒரு பக்கத்தில் கொட்டுகின்றன, மறுபக்கத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. பிறகு தலைவி உறையைப் பிரித்தார்.

"இரண்டு" என்பது டிசம்பர் பக்கம்.

நான் இன்னொரு முறை கேட்டேன். டிசம்பர் பக்கம்தான். அந்தக் கோணல் வட்டம், அடித்து எழுதிய எண்கள், அதுதான் சரி. வளையத்தைத் திருப்பி மாட்ட வழியில்லை. ஆகவே அக்டோபரில், மருந்து கேட்டு நன்றாக இருந்த நாளில், வளையத்தை உள்ளே இருந்து பார்த்து வரைந்துவிட்டு அதைக் குறிக்க மறந்திருக்கிறார். இந்த வேலையில் யாரும் செய்யும் சாதாரணப் பிழை. நானே இரண்டு முறை செய்திருக்கிறேன். டிசம்பரில் வெளியே இருந்து பார்த்து, ஒழுங்காக வரைந்து, அக்டோபரோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, எழுதியும் வைத்திருக்கிறார்.

நான் கொடுக்கவிருந்த பக்கம்தான் தவறு. கொடுத்திருந்தால் இறங்குவதை ஏறுவதாக அச்சில் போட்டிருப்போம், அவர் பெயரோடு. பின்னால் யாராவது பிழையைக் கண்டுபிடித்து, பாவம், நோயாளி என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தானே சொன்னேன். அவரோடு இருந்த நானே அவர் கையை நம்பவில்லை, நோயை நம்பினேன்.

அலைகள் எழுந்த இடங்களில் இறங்கும் எலக்ட்ரான்களின் வேகம் குறைந்திருப்பது போல் தெரிகிறது. அப்படியானால் அலைக்கு வலுவைக் கொடுப்பது எலக்ட்ரான்தான். இன்னும் பார்க்க வேண்டும், அவசரப்படவில்லை.

கட்டுரையின் வரைவில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன்: "கருவியின் ஆவணங்களில் காணப்பட்ட ஒரு முரண்பாடு, பறப்பின்போது கிடைத்த தரவைக் கொண்டு தீர்க்கப்பட்டது." இது போதுமா?

கீர்த்தி

*

மானகிரி
3 ஏப்ரல் 2025

கீர்த்திக்கு,

போதாது. அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. முரண்பாடு தானாக முளைத்துத் தானாகத் தீர்ந்தது போல் எழுதியிருக்கிறாய். யார் வரைந்தது, எது தவறு, யார் முதலில் சந்தேகப்பட்டது என்று சொல்ல வேண்டும். அக்டோபர் படத்தை வேல்பாண்டி தவறாக வரைந்தார். டிசம்பரில் வேல்பாண்டியே அதைக் கண்டு, சரிபார்க்கும்படி எழுதிவைத்தார். இரண்டு வாக்கியமும் வேண்டும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொழுந்தனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அப்ப நல்லா இருக்கையில தப்புப் பண்ணிருக்கான், முடியாமக் கெடக்கையில சரியாப் பண்ணிருக்கானா? இந்தப் பய எப்பவுமே இப்படித்தான் மதினி, எல்லாம் ஏறுக்கு மாறு" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னத்தாயி அவருக்குக் காப்பி கொடுக்க வந்தவள் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். நீ மறைத்த ஏழு மாதத்தை நான் என் மனத்தில் ஒரு விதமாக நிரப்பி வைத்திருந்தேன். படுக்கையில் கிடக்கிறான், ஒன்றும் நினைவில்லை, நீ அவனைப் பூட்டி வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் பொய் சொல்கிறாய். ஒரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி, நானே வரைந்த அந்தப் படத்தின் மேல் இருந்த கோபம்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அவன் ஒரு மேசை முன் உட்கார்ந்து, கை நடுங்க, சரியாக வேலை செய்திருக்கிறான். தன் தலையை நம்ப முடியாது என்று தெரிந்த பிறகும் செய்திருக்கிறான். அந்த ஒரு நாள் மட்டும் எனக்குத் தெரியும். மற்ற நாட்கள் தெரியாது. நான் வந்துவிட்டால் தான் நோயாளியாக மட்டும் இருக்க வேண்டும் என்று அவன் சொன்னதாக எழுதினாய். படித்த அன்று அதை ஏற்கவில்லை. இப்போது, அவன் என்னைச் சரியாகத்தான் அறிந்திருந்தான் என்று நினைக்கிறேன்.

திதி ஒன்பதாம் தேதி. விடுப்புக் கிடைக்காது என்று தெரியும். வரச் சொல்லி இதை எழுதவில்லை. வேறொன்று கேட்கிறேன்.

அந்த ஏழு மாதத்தையும் எனக்கு எழுது. ஆகஸ்டில் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததிலிருந்து தொடங்கு. அவன் என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், எந்த நாளில் எதை மறந்தான், உன்னிடம் எப்போது கோபப்பட்டான், ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு பேசும்போது உண்மையில் அவன் எங்கே இருந்தான், எல்லாவற்றையும் எழுது. எனக்கு வலிக்கும் என்று நீயாக முடிவு செய்து எதையும் விட்டுவிடாதே. நினைவில் இல்லாததை இல்லை என்றே எழுது. எத்தனை கடிதமானாலும் சரி.

தேதி போட்டு எழுது.

அனுசுயா